மழைக்கு மட்டும் கொடுத்த போன்

அந்த போனை எனக்குக் கொடுத்தது மழைக்காக. மழையை அளந்து சொல்வதற்கு மட்டும். கொடுத்த மண்சரிவு ஆபீஸ் மிஸ் அதை மூன்று தடவை சொன்னார். தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் இரண்டு தடவை. மூன்று தடவையும் நான் தலையாட்டினேன்.

அரநாயக்கப் பக்கம் மலை இறங்கி வீடுகளை மூடிய பிறகுதான், மண்சரிவு பார்க்கிற ஆபீஸ்காரர்கள் எங்கள் பக்கத்து மலைகளையும் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். மேட்டில் வரிசை வீடுகளாக இருக்கிற மேல் லயத்துக்குப் பின்னால் ரப்பர்ப் பால் மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. தரையில் கை நுழைகிற அகலத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியது. அதைச் சுற்றிக் கட்டை அடித்து சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ரிப்பன் ஒரு மாதத்தில் கிழிந்து போனது. மேல் லயத்து ஆறு குடும்பத்துக்கும் வேறு இடத்தில் வீடு தருவதாகப் பேச்சு நடந்தது. பேச்சு இன்றைக்கும் நடக்கிறது.

வீடு வரும் வரைக்கும் என்று கோயிலுக்குப் பக்கத்து வெட்டவெளியில் மழை அளக்கிற குழாய் ஒன்றை நட்டார்கள். உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் குழாய். அதில் மிஸ் இரண்டு இடத்தில் டேப் ஒட்டினார். கீழே மஞ்சள், மேலே சிவப்பு. மழை பெய்தால் குழாயைப் போட்டோ எடுத்து அந்த போனில் அனுப்ப வேண்டும். மஞ்சளைத் தாண்டினால் மணிக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டும். ஆபீஸில் பார்த்து, ஆட்களை இறக்க வேண்டும் என்றால் எனக்கும் தோட்டத்து ஆபீஸுக்கும் மெசேஜ் வரும். மெசேஜ் வந்தால் மேல் லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். மழை இல்லாத நாட்களில் ஒன்றும் அனுப்பத் தேவையில்லை. போனுக்குள் இருந்த கார்டில் மாதா மாதம் ஆபீஸே டேட்டா போட்டுவிடும். வாயால் பேசுவதற்கு அதில் ஒன்றும் கிடையாது.

என்னை ஏன் பிடித்தார்கள் என்றால், எனக்கு மழை அளந்து பழக்கம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினாலு வயதில் தொரை பங்களாவில் தோட்ட வேலைக்குப் போனேன். அங்கே புல்லுக்கு நடுவில் செம்பில் செய்த மழைமானி ஒன்று இருந்தது. காலையில் அதைத் திறந்து, தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை கோடு என்று தொரையிடம் சொல்ல வேண்டும். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, பட்டை வழியாகப் பால் ஒழுகிப் போய்விடும். அதனால் ரப்பர் தோட்டத்தில் மழைக் கணக்குக்குப் பெரிய மரியாதை. ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பயத்தில் பீலியில் பிடித்த தண்ணீரை ஊற்றி அளந்து சொல்லிவிட்டேன். தொரை வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடிக்கவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு நானும் பால் வெட்டுக்குப் போய், முப்பத்தெட்டு வருடம் வெட்டி, முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்தேன். என் சம்சாரம் போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. கீழ் லயத்தில், கோயிலுக்கு நேர் எதிரே, முதல் காம்பராவில், ஒற்றை அறையில், தனியாக இருக்கிறேன். வேலையில்லாத ஆள், கோயிலுக்குப் பக்கத்து ஆள் என்று கங்காணி என்னைக் காட்டிக் கொடுத்தார்.

மேல் லயத்தின் கடைசிக் காம்பராவில் என் தங்கச்சியும் அவள் புருசனும் இருந்தார்கள். அவளுடைய புருசன் எனக்கு மச்சான் மட்டுமில்லை, சின்ன வயதிலிருந்து சேர்ந்து சுற்றின ஆள். பால் வெட்டப் போன இடத்தில் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்து அவனுக்கு இடது கால் உடைந்து, சரியாகச் சேராமல் போய்விட்டது. தடி ஊன்றி நடப்பான். மேல் லயத்திலிருந்து கீழ் லயத்துக்கு நல்ல கால்காரனுக்குப் பத்து நிமிடம். அவனுக்கு வெயில் நாளில் முக்கால் மணி நேரம். மழை நாளில் அவனால் தனியாக இறங்கவே முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் நின்றது.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. துண்டு இல்லாமல் நாங்கள் எங்கேயும் போவதில்லை. டிஸ்பென்சரிக்குப் போவதற்குத் துண்டு, விறகு வெட்டத் துண்டு, கூரைத் தகரம் வாங்கத் துண்டு, பிள்ளை பிறந்தால் துண்டு, ஆள் செத்தால் பெட்டிக்குத் துண்டு. ஆபீஸில் எழுதிக் கொடுத்த அந்தச் சின்னக் கடுதாசியைக் கையில் பிடித்தால்தான் எங்களுக்குக் கால் நகரும். வயிற்று வலியில் புரண்டுகொண்டே துண்டுக்காக ஆபீஸ் வாசலில் காத்திருந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

குழாய் நட்ட முதல் வருடம், மஞ்சளைத் தாண்டின ஒரு நாளில், மெசேஜ் வருவதற்கு முன்னாலேயே நான் மேலே ஏறிப்போய் எல்லாரையும் இறக்கிவிட்டேன். மச்சானை நாற்காலியில் தூக்கினோம். பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. மெசேஜ் வரவே இல்லை. யார் சொல்லி இறங்கினீர்கள் என்று தோட்டத்து ஆபீஸில் ஏசினார்கள். அன்றைக்கு ஆறு குடும்பத்துக்கும் பேர் விழவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது. குரங்குகள் ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி, தங்கச்சியின் சோற்றுச் சட்டியைக் கவிழ்த்துவிட்டன. அதிலிருந்து மச்சான் எனக்கு மழைத் தொரை என்று பேர் வைத்தான். நான் மேலே போகிற போதெல்லாம் எழுந்து நிற்பது போல் பாவனை செய்து சலாம் போடுவான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அன்றைக்கே மேல் லயத்தில் ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். இனி போனில் துண்டு வந்தால் இறங்குவது, வராவிட்டால் இருப்பது.

இப்படியாக, அந்த போன் அவர்களுக்குத் துண்டு ஆனது.

இனி டேட்டா விசயத்துக்கு வருகிறேன்.

தங்கச்சியின் ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் அவளுக்கு போன் எடுக்க விடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தங்கச்சியின் போனில் டேட்டா இல்லை. கடைச் சந்திக்குப் போய்க் காசு கட்டி ரீலோட் போட நேரமில்லை. அவள் என் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்று, அண்ணே, ஒங்க போன்ல தான் நெறைய கெடக்குதே என்றாள். கிடந்தது உண்மைதான். மழைக்காக ஒரு மாதத்துக்குப் போடுகிற டேட்டாவில், மழையில்லாத மாதத்தில் ஒன்றுமே செலவாகாது. மாதக் கடைசியில் அது தானாக அழிந்து போகும். சும்மா அழிகிறதே என்று எனக்கும் தோன்றியது. கொடுத்தேன். மருமகள் முகம் தெரிந்தது. மாமா என்று கூப்பிட்டாள். நானும் பேசினேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை எனக்கும் வேண்டியதாகிவிட்டது. வேறு என்னை யார் கூப்பிடுகிறார்கள்?

பிறகு பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தி என் போனை வாங்கி எதையோ அமுக்கி, இதிலிருந்து அவள் போனுக்கு டேட்டா எடுத்துக் காட்டினாள். ஹொட்ஸ்பொட் என்று பேர் சொன்னாள். ஒரு பூட்டுச் சொல்லும் போட்டாள், எங்கள் கோயில் சாமியின் பேர். ஒரு வாரத்தில் அந்தச் சொல் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இதை ஏன் தடுக்கவில்லை என்று கேட்டால், லயத்தில் இருந்திராதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. இருபது காம்பராவுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரு பீலி. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் சுடுதண்ணீர் வைப்பார்கள். முதல் டிவி வந்தபோது அது ஒரு கணக்கப்பிள்ளையின் வீட்டில் இருந்தது. அவர் கதவைச் சாத்தினார் என்பதற்காக, அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முக்கால்வாசிப் பேர் போகவில்லை. என்னால் கதவைச் சாத்த முடியவில்லை. வேலை விட்டு வந்ததும் பத்துப் பதினைந்து பேர் என் வாசலில், கான் ஓரமாக வரிசையாக உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல நாட்களில் மச்சானும் தடி ஊன்றி இறங்கி வந்து, என் பாயில் காலை நீட்டிப் பழைய படங்கள் பார்ப்பான். யாரும் சொந்தமாக ரீலோட் போடுவதை விட்டுவிட்டார்கள். முழு லயமும் ஒரு கார்டில் தொங்கியது.

மூன்றாவது மாதமோ நாலாவது மாதமோ, பதினைந்தாம் தேதியே டேட்டா முடிந்தது. மிஸ் நேரே வந்துவிட்டார். குடையை மடக்கி வைத்துவிட்டு, என் இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஏன் சீயா, இது எப்படி முடிந்தது என்று கேட்டார். என்னை அவர் சீயா என்றுதான் கூப்பிடுவார், அவருடைய பாட்டனைக் கூப்பிடுவது போல. எனக்குத் தெரியாது மிஸ், போன் பழுது போல என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். கான் ஓரத்தில் ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து புல் செத்துப்போயிருந்தது. அதையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். இந்தக் கார்ட் ஒரு குழாய்க்கு ஒன்று என்று கணக்குப் பார்த்து எடுத்தது. பல போன்கள் இதிலிருந்து இழுத்தால் போன் கொம்பனிக்குத் தெரிந்துவிடும். முதலில் வேகத்தைக் குறைப்பார்கள், பிறகு மூடிவிடுவார்கள். தன்னாலும் ஒரு தடவைதான் மேலதிகமாகப் போட்டுத் தர முடியும். மறுபடி நடந்தால் போனைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்வார்கள். கடைசியாகத் தமிழில் சொன்னார்:

"நீங்க படம் பார்க்கிறது எனக்குக் கோபம் இல்ல சீயா. மழை வர்ற நாள் இதுல ஒண்டும் இல்லாட்டி, எனக்கு இங்க நடக்கிறது தெரியாது. அவ்வளவுதான்."

ஹரி மிஸ், சரி என்றேன்.

அன்றைக்கே ஹொட்ஸ்பொட்டை மூடச் சொன்னேன். எட்டு நாள் மூடியிருந்தது. எட்டு நாளும் வாசலில் யாரும் இல்லை. பீலிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். மச்சான் மட்டும் பேசினான். மழைத் தொரை இப்ப டேட்டாத் தொரையும் ஆகிட்டாரு, சலாம் ரெண்டாப் போடணும் என்றான். ஒன்பதாவது நாள் வெள்ளிக்கிழமை. தங்கச்சி வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்கு அங்கே காய்ச்சல் என்று போன வாரம் கேள்விப்பட்டிருந்தோம். திறந்துவிட்டேன். அவளுக்காக மட்டும் என்றுதான் திறந்தேன். ஆனால் பூட்டுச் சொல்லை மாற்ற எனக்குத் தெரியவில்லை, மாற்றச் சொல்ல யாரிடமும் வாய் வரவில்லை.

கடைசி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல வெயில் காலம். குழாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மச்சானுக்கு இறங்க முடியவில்லை என்று போனை மேலே எடுத்துப் போனேன். குவைத்தில் அந்த வீட்டு ஆட்கள் எங்கோ போயிருந்தார்கள், அதனால் மருமகளுக்கு நேரம் கிடைத்தது. இரண்டரை மணி நேரம் பேசினார்கள். மச்சான் போனை வாங்கி, வீட்டைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்து எல்லாவற்றையும் காட்டினான். கோழி, புதிதாகக் காய்த்த ஈரப்பலா, அவள் படித்த காலத்தில் கதவில் கிறுக்கின எழுத்து. பின் சுவரைக் காட்டும்போது அவள் நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, அது என்னா? நான் வரும்போது அந்த வெடிப்பு இல்லியே."

"அது செவுரு கொட்டாவி விடுது" என்றான் மச்சான்.

"வெளையாடாதீங்கப்பா. கீழ மாமா வீட்டுல வந்து இருங்க."

"ஒங்க மாமன் கொறட்டைக்குத் தான் மல சரியப் போகுது."

அவள் சிரித்தாள். அழுகிற மாதிரியும் இருந்தது. அதற்குப் பிறகும் வெகு நேரம் பேசினார்கள். நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். போனில் இங்கிலீசில் ஏதோ எழுத்து வந்து வந்து போனதாக மச்சான் சொன்னான். விளம்பரம் என்று தள்ளிவிட்டான். நானும் அப்படித்தான் நினைத்தேன். திடீரென்று அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது, வாய் பாதி திறந்தபடி. அன்றைக்கு மாதம் பதினெட்டு. டேட்டா முடிந்துவிட்டது.

வாசலுக்கு வந்தவர்களிடம் ஹொட்ஸ்பொட்டை மூடிவிட்டேன் என்று சொன்னேன். மிஸ்ஸுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான், வானத்தில் ஒரு மேகமும் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். சொன்னால் போனை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை இல்லாமல் போய்விடும். வயதான காலத்தில் ஒரு வேலையை நம்பிக் கொடுத்தார்கள், அதிலும் திருடினான் என்ற பேச்சு வரும். இந்த மூன்றில் எது பெரிதாக இருந்தது என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஆறாவது நாள் மழை பிடித்தது. விடிகிற நேரத்தில் ஓட்டில் கல் கொட்டுகிற மாதிரி சத்தம். வெளிச்சம் வந்ததும் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்க் குழாயைப் பார்த்தேன். மஞ்சளைத் தாண்டியிருந்தது. போட்டோ எடுத்தேன். அனுப்பினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். ஒன்பது மணிக்குச் சிவப்பைத் தாண்டியது. அந்தக் குழாய் நட்ட நாளிலிருந்து அது சிவப்பைத் தொட்டதே இல்லை.

மேலே ஏறினேன். படிக்கட்டில் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கியது. மழைக்கு வேலையை நிறுத்தியிருந்ததால் ஆறு காம்பராவிலும் ஆட்கள் இருந்தார்கள். மச்சான் அடுப்பங்கரையில் காலை நெருப்புக்குக் காட்டி உட்கார்ந்திருந்தான். சிவப்பைத் தாண்டிவிட்டது, இறங்கலாம் என்றேன்.

"துண்டு வந்துருச்சா?"

"அனுப்பியிருக்கேன்."

"நீங்க அனுப்புறது இருக்கட்டும் மச்சான். அவுங்க என்னா சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் வரல."

பக்கத்துக் காம்பரா ஆளும் வாசலில் வந்து நின்றிருந்தார். அவர்தான் சொன்னார், பதில் வராவிட்டால் பயமில்லை என்றுதானே அர்த்தம், பயம் இருந்தால் மிஸ் சும்மா இருப்பாரா என்று. மச்சான் ஆமாம் என்று தலையாட்டினான். போன தடவை மாதிரி நாற்காலியில் ஊர்வலம் போய் வெயில் காய முடியாது என்றான். தங்கச்சி எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதில் வராதது பயமில்லாததால் இல்லை, நான் அனுப்பினது போகவே இல்லை, டேட்டா முடிந்து ஆறு நாளாகிறது என்று. சொல்லியிருந்தால் தங்கச்சி நிச்சயம் எழுந்திருப்பாள். ஐந்தாறு மணி நேரம் இருந்தது. தூக்க நாலு ஆள் இருந்தார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினேன்.

தோட்டத்து ஆபீஸ் கால் மணி நேரத் தூரம். அங்கே போன் இருக்கிறது. ஆனால் அங்கே போனால் உன் போனுக்கு என்ன ஆனது என்று கேட்பார்கள். கடைச் சந்தி ஒன்றரை மணி நேரத் தூரம். நான் கடைச் சந்திக்குப் போனேன். யாருக்கும் தெரியாமல் ரீலோட் போட்டு, போட்டோவை அனுப்பி, மெசேஜ் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி வேலை செய்தது.

இடையில் ஒரு ஓடையைத் தாண்ட முடியாமல் சுற்றிப் போனேன். சந்திக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. கரண்ட் இல்லை, ரீலோட் போட முடியாது என்றார் கடைக்காரர். நான் திண்டாடி நிற்பதைப் பார்த்து, தன் போனைக் கொடுத்தார். மிஸ்ஸின் நம்பர் என் போனில் இருந்தது, அவரே பார்த்து அடித்தார். லைன் கிடைக்கவில்லை. மழைக்கு எல்லாரும் அதே ஆபீஸைக் கூப்பிடுகிறார்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு மிஸ் எடுத்தார். சிவப்பைத் தாண்டிவிட்டது என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒன்பதுக்கு என்றேன்.

"சீயா, மேல உள்ள ஆட்கள எறக்குங்க. இப்பவே எறக்குங்க. நான் தோட்டத்துக்குச் சொல்றேன்."

லைன் கிடைக்க வெகு நேரம் பிடித்தாலும், மிஸ் சொன்னபடி தோட்டத்து ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார். நான் திரும்பி வருவதற்கு முன்னாலேயே கங்காணி மேலே போய்த் துண்டு வந்துவிட்டது என்று கத்தியிருக்கிறார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பிள்ளைகளையும் கிழவிகளையும் முதலில் கூட்டிப்போனார்கள். தங்கச்சி அடையாள அட்டைகளையும் மகளின் சர்டிபிகேட்டுகளையும் மார்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். மச்சானே போகச் சொல்லியிருக்கிறான். பிள்ளைகளைக் கீழே விட்டுவிட்டு நாற்காலிக்கு ஆள் வரட்டும், நான் எங்கே ஓடப் போகிறேன் என்று சொன்னானாம்.

நான் கோயில் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தேன். நாற்காலி தூக்கப் போன இரண்டு பேர் எனக்கு மேலே, படிக்கட்டின் பாதியில் இருந்தார்கள். முதலில் சத்தம் இல்லை, மணம்தான் வந்தது. புதிதாக வெட்டின மண்ணின் மணம். பிறகு பால் மரங்கள் வேரோடு முறிகிற சத்தம். அந்த இரண்டு பேரும் என்னைத் தாண்டிக் கீழே ஓடினார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். மழைக்குள் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் வெளிச்சமானபோது மேல் லயத்தில் மூன்று காம்பரா இருந்தது. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் செம்மண் இருந்தது.

மூன்றாவது நாள் மெசினால் தோண்டி எடுத்தார்கள். முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. ஆறு குடும்பத்தில் ஒரு ஆள்தான் போனது, சாமி காப்பாற்றியது என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. அதைக் கேட்டுக்கொண்டு தங்கச்சி மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

மிஸ் வந்து எல்லாரிடமும் விசாரித்தார். நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே லயத்து ஆட்கள் சொல்லிவிட்டார்கள். மழையில் சிக்னல் போய்விட்டது மிஸ், பெரியவர் என்ன செய்வார் என்று. என் வாசலில் உட்கார்ந்து போன் பார்த்தவர்கள்தான் எல்லாரும். ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொன்னார். என்னைக் காப்பாற்றினார்களா, தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்களா என்று தெரியவில்லை. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு கடுதாசி இருந்தது. அதில் எந்தத் தேதியில் டேட்டா முடிந்தது என்று இருந்திருக்க வேண்டும். அதை எனக்குக் காட்டவில்லை. பதினெட்டாம் தேதி ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அவர் கண் சிவந்திருந்தது. போனை வாங்கி, கார்டைக் கழற்றி, ஒரு உறைக்குள் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை. வேறு ஆள் வருகிறார். குழாய் இப்போது பள்ளிக்கூட வாத்தியாரின் பொறுப்பில் இருக்கிறது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டேட்டா முடிந்தது, மறைத்தது, காலையில் பொய் சொன்னது, கடைச் சந்திக்குப் போனது. அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் தேய்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்குப் பேச்சு நடுவுல நின்னப்பவே எனக்குத் தெரியும்ணே" என்றாள். "நானும் தானே சொல்லல."

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி சொன்னாள். "இத அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. பேசித் தீத்தது அவ தான்னு தெரிஞ்சா, அந்த ஊருல தனியாக் கெடந்து என்னா பண்ணிக்குவாளோ."

மருமகள் அப்பாவின் காரியத்துக்கு வரவில்லை, அந்த வீட்டில் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தங்கச்சியின் போனுக்கு எடுக்கிறாள். நாங்கள் எல்லாரும் இப்போது அவரவர் டேட்டாவை அவரவர் போட்டுக்கொள்கிறோம். என் வாசலில் புல் வளர்ந்துவிட்டது. போன வாரம் அவள் என்னைக் கேட்டாள்.

"மாமா, அன்னைக்கு விடியக்காலமே நான் ஒங்க போனுக்கு வாய்ஸ் அனுப்பினேன். இங்க மேடம் தூங்கிட்டிருந்தாங்க, ஒளிச்சு அனுப்பினேன். இலங்கையில மழைன்னு போன்ல பாத்துட்டுத் தான். அப்பாவ ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வரச் சொல்லி. அது ஒங்களுக்கு வரல்லியா?"

தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரல்லம்மா" என்றேன்.

"ஏன் மாமா?"

மழை கூடிப் போச்சும்மா என்றேன். தங்கச்சி என் கையிலிருந்து போனை வாங்கி, சாப்பிட்டியா என்று மகளைக் கேட்டாள்.